ஏரி வளைவில் நீ உயர்த்திய ஓரம்

நைனா,

நடந்ததை எல்லாம் நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன், உனக்காக எதையும் விட்டுவிடவும் மாட்டேன். முதலில் நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன். செக்‌ஷன் ஆபீசுக்கு உன் லீவு லெட்டர் எழுதுவது போல இருந்தது. அதனால் வீட்டில் கூப்பிட்ட மாதிரி நீ என்றே எழுதுகிறேன்.

இன்று காலை ஏரி வளைவில் உன் ரோட்டைச் சதுரமாக வெட்டித் திறந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். மேலே பழைய தார் வாடை, அதற்குக் கீழே அழுகிய ஏரிச் சேற்று வாடை. இரண்டும் கலந்த இந்த வாடைதான் மழைக்காலத்தில் உன் காக்கிச் சட்டையில் வரும். ஓராண்டாக அந்த வாடை நம் வீட்டில் இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் குனிந்தபோது நீ உள்ளே இருப்பது போலத் தோன்றிப் பயந்துவிட்டேன்.

நாளைக்கு நான் செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். உன்னைக் கொன்றதற்காக முனுசாமியை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தூக்கா, ஆயுளா, அதைவிடக் குறைவா என்பதெல்லாம் முதல் அடி யார் அடித்தது என்பதைப் பொறுத்ததாம். அவருடைய சேரிக்காரர்கள் சொல்வதை அவருக்காகச் சொல்கிறார்கள் என்பார்கள். மற்றபடி பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். அவர் என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவர் என்னோடு படித்த தனத்தின் அப்பா.

மாமா ஒரு வாரமாக எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். உன் இடத்தில் இப்போது மாமாதான் ரோடு கேங்குக்கு மேஸ்திரி. "உங்க நைனா சும்மா நின்னுக்கினு இருந்தாரு. அவன் மம்முட்டியால போட்டான். அவ்ளோதான். இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்குப் பேந்தப் பேந்த முயிக்கிற?" என்கிறார். அப்படிச் சொன்னால்தான் நீ வேலை செய்யும்போது அநியாயமாகச் செத்தாய் என்று ஆகுமாம். அம்மாவுக்குக் கேங்கில் வேலை கிடைக்குமாம். நீதான் வம்புக்குப் போனாய் என்று கோர்ட்டே எழுதிவிட்டால் ஆபீசில் ஃபைலை மூடிவிடுவார்களாம். "உங்கம்மாவுக்கு வேலை வோணுமா வோணாவா, நீயே சொல்லு" என்று மாமா கேட்கும்போது அம்மா எழுந்து பின்பக்கம் போய்விடுகிறாள்.

நீ அந்த வளைவை எப்படி வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். தாருக்கு இரண்டு பக்கமும் மண் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து, நூல் பிடித்து, கத்தியால் கேக் வெட்டியது போல ஓரத்தைச் செதுக்குவாய். மழையில் கரைந்தால் மறுபடியும் மண் கொட்டுவாய். "ஓரம் நின்னா ரோடு நிக்கும்" என்பாய். ஜீப்பில் வருகிற பெரிய இன்ஜினியரும் கண்ணாடி வழியாக ஓரத்தைத்தான் பார்ப்பார். "ஜோரா இருக்குய்யா மேஸ்திரி" என்று அவர் சொல்லிவிட்டுப் போன ஒருநாள், நீ கேங்குக்கு எல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய். அந்த ஓரத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறினால் வண்டிக்காரனை இழுத்துப்போட்டு அடித்தாய். ஒரு கிழவனின் பல் உன் முழங்கை பட்டு விழுந்ததை நான் பார்த்தேன். அவன் அதைப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டு போனான்.

உன்னிடம் எல்லாமே அடிதான். ஆசைகூட அப்படித்தான். கல் லாரி ஒன்று என் சீருடைமேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனபோது நீ ஜல்லியை எடுத்து வீசி அதன் கண்ணாடியை உடைத்தாய். டிரைவர் இறங்கி வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு அறை. அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சிவப்புக் கொடியோடு வந்து, ஆந்திராப் பக்கத்திலிருந்து வருகிற லாரியை எல்லாம் நிறுத்தினாய். நாங்கள் கடந்து போகிற வரைக்கும் ஹாரன் அடித்தவனை அசிங்கமாகத் திட்டினாய். என் சிநேகிதிகளுக்கு வெட்கமாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் தனமும் கைகோத்துக்கொண்டுதான் வந்தாள்.

வளைவுக்கு மேற்கே அவர்கள் குடிசைகள். கிழக்கே ஏரிக்குப் போகிற வாய்க்கால். நடுவில் உன் ரோடு. உன் ஓரம் வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே வந்ததால் மேற்கே பெய்த தண்ணீர் கிழக்கே போக முடியாமல் குடிசைக்குள் நின்றது. தனத்தின் புத்தகங்கள் நனைந்து ஊறிப்போய், காய்ந்தபின் அப்பளம் போல நெளிந்திருக்கும். ஒரு ஐப்பசியில் முனுசாமி உன்னைத் தேடி வந்தார். நீ ஓரத்தில் குந்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தாய். நான் உனக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன்.

"மேஸ்திரி, ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துக்கிச்சு. அடுப்பு கரைஞ்சுபோச்சு. ரெண்டு பக்கமும் ஒரு மொழம் வெட்டி வுட்டீன்னா அதுபாட்டுக்கு ஓடிப்பூடும்."

"ஏன், உன் ஊட்ட ஒரு மொழம் தள்ளிக் கட்டிக்கறது? சர்க்கார் ரோட்ட நானு வெட்டணுமா?"

"புள்ளைங்க பரண் மேல குந்திக்கினு கீதுங்க மேஸ்திரி."

"குந்தட்டுமே. அவனவன் பஸ்ஸுக்குக் காசு குடுத்து பூண்டி ஏரிய பாக்கப் போறான். உன் புள்ளைங்க ஊட்ல இருந்துக்கினே பாக்குதுங்க."

கேங் முழுவதும் சிரித்தது. முனுசாமியும் கொஞ்சம் சிரித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்தபோது அவருடைய குடிசைக்கு நேராக இரண்டு ஓரமும் வெட்டியிருந்தது. தண்ணீர் தாரின் மேல் மெல்லிசாக ஓடி வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. நீ அவரை டீக்கடையில் பிடித்தாய். பெஞ்சோடு சேர்த்து உதைத்தாய். கீழே விழுந்தவரின் காதோடு சேர்த்துத் திமிசுக்கட்டைப் பிடியால் அடித்தாய். பிறகு போலீஸ் வந்து அவரையே கூட்டிக்கொண்டு போனது, சர்க்கார் சொத்தைச் சேதம் செய்ததற்காக. திரும்பி வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் நீ அவருடைய இடது பக்கம் போய், "இப்ப கேக்குதா முனுசாமி?" என்று கேட்பாய். கேங் சிரிக்கும். அவர் பாவம், நீ ஏதோ பேசுகிறாய் என்று வலது பக்கத்தைத் திருப்புவார்.

ஆனாலும் அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. மழை வந்தால் வெட்டுவார். நீ மூடுவாய். புது மண் என்பதால் அந்த இடத்தில் தண்ணீர் எப்படியோ கசிந்து போய்க்கொண்டே இருக்கும்.

வளைவு மட்டும் ஆண்டுதோறும் உடைந்தது. தார் முதலை முதுகு போல வெடிக்கும். பிறகு துண்டு துண்டாகப் பெயரும். பிறகு பள்ளம். நீ ஜல்லி போட்டு அடைப்பாய், அடுத்த மழையில் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம். நீ லாரிகளைத் திட்டினாய். தொழிற்பேட்டை வரப்போகிறது என்று கல்லும் இரும்பும் ஏற்றிக்கொண்டு போனவர்களை எல்லாம் திட்டினாய். நான் தினமும் அந்த வழியாகத்தானே நடக்கிறேன், ஒன்றைக் கவனித்தேன். ஒருநாள் நீ சாப்பிடும்போது சொன்னேன்.

"நைனா, முனுசாமி வெட்டற எடத்துல மட்டும் பள்ளமே வுழல, பாத்தியா?"

நீ சொம்பை எடுத்து என்மேல் வீசினாய். அம்மா குறுக்கே வந்தாள். அது அவள் தோளில் பட்டது. "பட்ச்சவ சொல்றா, கேட்டுக்கோ! ரோட்ட வெட்னா ரோடு நிக்குமாம்! நானு இருவது வருசமா மண்ணு தின்னுக்கினு இருந்தேனா?" என்று கத்திவிட்டுத் தட்டைத் தள்ளி எழுந்து போனாய். மறுநாள் காலை நாஷ்டாவுக்கு வடை வாங்கி வந்து, என் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். அம்மாவுக்கு ஒன்றும் வாங்கி வரவில்லை.

போன ஐப்பசியில் கல் லாரி ஒன்று வளைவுப் பள்ளத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. கிளீனரின் கால் கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நீதான் கடப்பாரை போட்டு நெம்பி அவனை வெளியே எடுத்தாய். அவன் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியதை ரோட்டில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அங்கேயே, எல்லோர் முன்னாலும், செக்‌ஷன் இன்ஜினியர் உன்னைப் பார்த்துச் சொன்னார்: "ஓரம் மட்டும் அழகா வச்சிருக்கியே மேஸ்திரி, நடுவுல ரோடு எங்கய்யா? இன்னொரு தடவ இங்க வண்டி சாஞ்சா நீ மேஸ்திரி இல்ல. மறுபடி கூடை தூக்கு." உன் கையெல்லாம் அந்தக் கிளீனரின் ரத்தம். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றாய்.

மறுநாள் காலை மழை விடவில்லை. நீ கடப்பாரையோடு எனக்கு முன்னால் கிளம்பிப் போனாய். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். வளைவில் முனுசாமி முதுகைக் காட்டிக்கொண்டு ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். நீ தூரத்திலிருந்தே கத்தினாய். "டேய்! மம்முட்டிய கீழ போடுடா!" அவர் திரும்பவில்லை. மழைச் சத்தம், அந்தக் காது வேறு. நீ இரண்டாம் முறை கத்தினாய். அவர் இன்னொரு வெட்டு வெட்டினார். உன்னை மதிக்காமல் வெட்டுகிறார் என்றுதான் நீ நினைத்திருப்பாய். ஓடினாய்.

முதல் அடி நீதான் அடித்தாய், நைனா. பின்பக்கத்திலிருந்து, தோளில், கடப்பாரையால். ஈரக் கட்டையைப் பிளப்பது போன்ற சத்தம். அவர் முழங்காலில் விழுந்தார். யார் அடித்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாவது அடி, இடுப்பில். சேற்றில் மல்லாந்துவிட்டார். "மேஸ்திரி, வோணாம், மேஸ்திரி" என்று ஒரு கையைத் தூக்கினார். நீ அவர்மேல் குனிந்து நின்று கடப்பாரையைத் தலைக்கு மேலே தூக்கினாய். நான் "நைனா" என்று கத்தினேன். அவருடைய இன்னொரு கையில் மம்முட்டி அப்படியே இருந்தது. படுத்தபடியே சுழற்றினார். அது உன் காதுக்கு மேலே இறங்கியது.

நீ உடனே விழவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தாய், களைத்துப்போய் உட்காருகிறவன் மாதிரி. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாய். ரத்தம் ரோட்டில் நின்ற தண்ணீரில் கலந்து எங்கேயும் போகாமல் பரவியது. என் செருப்பு வரைக்கும் வந்தது.

முனுசாமி ஓடவில்லை. ஊர்ந்து வந்து உன் தலையைத் தன் துண்டால் கட்டினார். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. பற்களால் முடிச்சை இறுக்கினார். பிறகு ரோட்டின் நடுவில் போய் நின்று, வந்த லாரியை மறித்தார். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டான். உன்னைப் பார்த்ததும், "ஐயோ, கொடிக்கார மேஸ்திரி!" என்றான்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுவதும் உன் தலை என் மடியில் இருந்தது. முனுசாமி உன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் லாரி தூக்கிப் போட்டது. என் தொடையால் தாங்கிப் பார்த்தேன், என் பையை வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் உன் தலை எழும்பி விழுந்தது. நீ முனகினாய். "மெதுவா போப்பா, மெதுவா போப்பா" என்று முனுசாமி டிரைவர் கேபினைத் தட்டிக்கொண்டே வந்தார். மெதுவாகப் போனால் நேரம் ஆகிறது. வேகமாகப் போனால் உன் தலை அடிபடுகிறது. ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது முனகல் இல்லை. மாமா ஊரெல்லாம் சொல்கிறார், சாகும்போது நீ "அவனை வுடாதீங்க" என்று சொன்னாய் என்று. நீ ஒன்றும் சொல்லவில்லை. நான்தானே இருந்தேன்.

இனி இன்றைக்கு நடந்தது.

சென்னையிலிருந்து ரோடு ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். ஏன் இந்த வளைவு மட்டும் ஆண்டுதோறும் சாகிறது என்று பார்க்க. கல் ஏற்றிய லாரியை நிறுத்தி, பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு நீளமான கம்பை நீட்டினார்கள். கம்பின் மறுமுனையில் கடிகாரம் போல ஒன்று. லாரி மெல்ல நகர்ந்ததும் முள் நகர்ந்தது. பாரம் ஏறினால் ரோடு அமுங்குகிறதாம், பாரம் போனதும் எழும்புகிறதாம். அதிகமாக அமுங்கி அமுங்கி எழும்பினால் அலுத்துப்போய் வெடித்துவிடுமாம். வளைவில் எங்கே வைத்தாலும் முள் ஓடியது. முனுசாமி வெட்டிவந்த இடத்தில் வைத்தபோது கொஞ்சம்தான் அசைந்தது. இளவயது இன்ஜினியர் ஒருவர் இரண்டு முறை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு இடத்திலும் சதுரமாக வெட்டச் சொன்னார். வளைவில் ஜல்லிக்குக் கீழே மண் களி போல விரலில் ஒட்டியது. முனுசாமியின் இடத்தில் உதிர்ந்தது.

"நிக்கிற தண்ணிதாங்க ரோட்டைக் கொல்லுது" என்றார் அந்த இன்ஜினியர் மாமாவிடம். "ரெண்டு பக்கமும் பாத்தி கட்டின மாதிரி ஓரத்தை ஏத்தி வச்சிருக்கீங்க. தண்ணி எங்க போகும்? அடியில இறங்கி ஊறுது. மேல எத்தனை முறை தார் போட்டும் என்ன பிரயோசனம்? ஓரம் ரோட்டைவிடத் தாழ்வா இருக்கணும், அவ்வளவுதான். மழைக்கு முன்னால நாலு கூடை மண்ணைச் சீவித் தள்ளினா ரோடு பல வருஷம் நிக்கும். எல்லாம் உடைஞ்சப்புறம் லாரி லாரியா ஜல்லி கொட்டறதைவிட அது லேசான வேலை." பிறகு கேட்டார்: "இந்த இடத்துல ஓரத்தை வெட்டிவிட்டது யாரு? கெட்டிக்காரன்."

கூடை தூக்குகிற பெண் ஒருத்தி சொன்னாள்: "அவன் ஜெயில்ல கீறான் சார்."

"ஏன்?"

"இத்த வெட்டனதுக்குத்தான் சார் எல்லாம்."

முனுசாமி கெட்டிக்காரர் ஒன்றும் இல்லை. ரோட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் பரணை விட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. உனக்கு ரோடு நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வெட்டு போதுமாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு உன்மேல் கோபம் வருகிறது. உன்னை மெச்சிவிட்டு ஜீப்பில் போனவர்கள்மேலும் வருகிறது.

ஓரத்தை வெட்டச் சொன்னபோது கேங்கில் ஒருவரும் மம்முட்டியைத் தூக்கவில்லை. நீ செதுக்கியது என்று நின்றார்கள். கடைசியில் மாமாதான் முதல் வெட்டு வெட்டினார். வெட்டிக்கொண்டே அழுதார். "என் மாமன் கட்ன கரை சார்" என்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போவாம இன்னா வேடிக்க?" என்று அதட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எப்போதும் போல, "நாளைக்கு இன்னா சொல்லணும், சொல்லு பாப்போம்" என்றார். நான் சொல்லவில்லை. கை ஓங்கினார், உன்னைப் போலவே. ஆனால் அடிக்கவில்லை. முதல் ரயிலுக்கு வந்து கூப்பிடுகிறேன் என்று கிளம்பிப் போனார்.

அம்மா நாளைக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"அம்மா, மொத அடி நைனாதான் அடிச்சாரு."

"தெரியும்."

"நீ பாக்கலையே."

"நானு பாக்கணுமா?" கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "தண்ணி மொள்ள போனேன், வழுக்கி வுயுந்துட்டேன். கதவு இடிச்சுக்கிச்சு. மாடு முட்டிடுச்சு. ஊர்ல எத்தினி பேருகிட்ட சொல்லிக்கீறேன் தெரியுமா? ஒருத்தியும் நம்பல. நானும் சொல்றத வுடல. நீ அத்த எங்கிட்ட இருந்து கத்துக்காத."

"வேலை குடுக்க மாட்டாங்களாம்மா."

"குடுத்தா செய்யலாம். குடுக்காங்காட்டி, கை கால் கீது. அந்தப் பொண்ணு இப்ப எங்க கீது, தனம்?"

"செங்கல் சூளைக்குப் போவுது."

அம்மா சோற்றுச் சட்டியை மூடினாள். "போய்த் தூங்கு. காலையில எயுப்புறேன்" என்றாள். நான் தூங்காமல் இதை எழுதுகிறேன்.

நாளைக்குக் கூண்டில் ஏறி, நீ பின்னாலிருந்து அடித்தாய் என்று சொல்லப் போகிறேன். அவர் கையைத் தூக்கி வேண்டாம் என்று கெஞ்சினார் என்பதையும், அவருடைய ஒரு காது ஏன் கேட்காது என்பதையும் சொல்லப் போகிறேன். அவர்தான் உன்னைக் கொன்றார் என்பதையும் சொல்வேன், அதுவும் நடந்ததுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று சர்க்கார் வக்கீல் சொல்லியிருக்கிறார். கேட்காவிட்டாலும் சொல்வேன். இதற்காக நீ உயிரோடு இருந்தால் என்னை அடிப்பாய். எனக்குத் தெரியும். மறுநாள் வடை வாங்கி வருவாய். அதுவும் தெரியும். உன்மேல் எனக்கு ஆசை கொஞ்சமும் குறையவில்லை, நைனா. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கோர்ட்டில் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆபீஸ் வாட்ச்மேன் மெயின் சுவிட்சை நோக்கிப் போகிற சத்தம் கேட்கிறது. இன்னும் ஒரு வரி எழுத நினைத்தேன். நம் குவார்ட்டர்ஸில் விளக்கையெல்லாம் இப்போது அணைத்துவிடுவார்.